நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் எனக்கு ஆகுமா

கண்ணு,

போன மாதம் வந்தபோது அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை என் மடியில் வைத்து, "ஒரு மாசம் வச்சுப் பாருங்கப்பா. உங்களுக்கு ஆகும்னா இருக்கட்டும். ஆகாதுன்னா நான் அமெரிக்கா கெளம்பறதுக்கு முன்னால வந்து எடுத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினாய். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. போனில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. அந்தப் பெட்டியிலேயே அடித்து அனுப்பலாம் என்றால், அடித்ததைக் காகிதத்தில் எடுக்கச் சூலூர் வரை போக வேண்டும். அங்கே கடைக்காரர் எல்லாவற்றையும் படித்துவிடுவார். அவர் படிக்கக்கூடாத விஷயங்கள் இதில் இருக்கின்றன. அதனால் பழையபடி பேனாவும் காகிதமும். கடிதம் நீளும். அவசரத்தில் இருந்தால் இப்போது மூடி வைத்துவிடு, ஞாயிற்றுக்கிழமை குளித்துச் சாப்பிட்ட பிறகு எடுத்துப் படி.

முதலில் பெட்டியைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பெட்டி. ஒரு படி அரிசியின் கனம்தான் இருக்கிறது, ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். நீ நூல் கோனில் ஒட்டும் சீட்டுகளை வெட்டி, தமிழ் எழுத்தை எழுதி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக ஒட்டினாயே, அதில் பாதிதான் உரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், அந்தச் சீட்டு உரியும்போதெல்லாம் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் என் விரல் உன் விரல் மாதிரி இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து போகிறது. 'தண்ணி வேண்டும்' என்று அடித்து முடிப்பதற்குள் எழுந்து போய்த் தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம், வெற்றிலை போட்டிருந்தால் அதையும் துப்பிவிட்டு வரலாம். வெயிலில் கொண்டுபோனால் எழுத்து தெரிவதில்லை, என் முகம்தான் தெரிகிறது. சார்ஜ் இரண்டு மணி நேரம் வரும் என்றாய். ஒன்றேகால் மணி நேரம் வருகிறது. பஞ்சுத் தூசி பொத்தான்களுக்கு நடுவே இறங்கிவிடுகிறது, தினமும் பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இதெல்லாம் பெரிய குறை இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, பழகிக்கொள்ள முடியாத வயசு இல்லை.

மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாயே, 'இதைப் பார்த்து முடிவு செய்யுங்கப்பா' என்று நாலு கேள்வி எழுதி. எங்கே வைத்து உபயோகிப்பீர்கள், எவ்வளவு நேரம், கையில் எடுத்துப் போக வேண்டியிருக்குமா, யாரிடம் பேச வேண்டும். உன் ஆபீசில் யாராவது புதிதாகக் கம்ப்யூட்டர் கேட்டால் இப்படித்தான் கேட்பீர்கள் போலிருக்கிறது. முதல் மூன்றுக்கும் மூன்று நாளில் பதில் தெரிந்துவிட்டது. நாலாவது கேள்வியில்தான் ஒரு மாதமாக மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். யாரிடம் பேச வேண்டும்?

நீ பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம், நீ வெளியே போயிருந்தபோது, கரண்ட் போய்விட்டது. தறி எல்லாம் நின்றுவிட்டது. கரண்ட் போனால் தறிக்குடோன் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. காது ஒரு நிமிஷம் அடைத்துக்கொள்ளும். பிறகு எல்லாரும் சத்தமாகப் பேச ஆரம்பிப்பார்கள், அதுவரை அடக்கி வைத்ததை எல்லாம். அந்த நேரத்தில் அங்கே ஊமை நான் ஒருத்தன்தான். அப்போது பார்த்து, நூல் கொடுத்துத் துணி எடுக்கிற மேஸ்திரி வந்தார். இந்த வாட்டி அவர் அனுப்பிய நூல் சுத்த மோசம், பாவு இழை கால் மணிக்கு ஒரு தரம் அறுந்துபோகிறது. எனக்கு அவரைப் பார்த்ததும் கோபம். உன் பெட்டியைத் திறந்து, கரண்ட் இல்லாமலே அது உயிரோடு வந்ததில் எனக்கே ஒரு கெத்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து அடித்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் கையை எட்டும்வரை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. உங்கூட்டு அம்மாவக் கூப்புடுங்க" என்றார்.

உன் அம்மா வந்தாள். நான் அவளைப் பார்த்து வாயை அசைத்தேன். 'இனிமேல் இந்த நூலை அனுப்பினால் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன், இவர் முதலாளி மூஞ்சியில் விட்டெறிவேன் என்று சொல்' என்றேன். உன் அம்மா மேஸ்திரி பக்கம் திரும்பி, "அடுத்த வாட்டி சித்த நல்ல நூலாப் பாத்து அனுப்பச் சொல்றாருங்க. நீங்க மோர் குடிக்கறீங்களா?" என்றாள். குடோனில் இருந்த எல்லாரும் என் வாயைப் பார்த்திருந்தார்கள், எல்லாருக்கும் நான் சொன்னது தெரியும். மேஸ்திரி ஒருவருக்குத்தான் தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

இங்கே உனக்கு ஒன்று விளக்க வேண்டும், நீ நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தும். எட்டுத் தறி ஓடும் இடத்தில் யாரும் தொண்டையால் பேச முடியாது. கத்தினாலும் கேட்காது. வாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்து, உதட்டைத் தெளிவாக வைத்து, சத்தமே இல்லாமல் பேசுவோம்; கண்ணால் கேட்போம். குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சொந்தபந்தம், சண்டை, சமையல் எல்லாம் அப்படித்தான் நடக்கும். பேச்சு பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அதோடு முடிந்தது. நானும் உன் அம்மாவும் கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து அப்படிப் பேசியவர்கள். தொண்டைப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கழுத்தில் ஓட்டை, தொண்டையில் குரல் இல்லை. பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். 'பயந்துவிட்டாயா?' என்று வாயசைத்தேன். "எனக்கென்னுங்க பயம்?" என்று சத்தமாகப் பதில் சொன்னாள். டாக்டரும் நர்சும் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தில் வைத்துப் பேசும் ஒரு கருவியை அங்கே காட்டினார்கள், அதை வைத்துப் பேசினால் ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன். அவளிடம் பேச எனக்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை. குடோனில் வேலை செய்கிறவர்களிடமும் வேண்டியிருக்கவில்லை. ஒன்பது மாதமாக நான் குரல் போனவன் என்பதே கரண்ட் போகும்போதுதான் எனக்கு நினைவு வருகிறது.

நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் என் பேச்சு புரியவில்லை. அதற்குக் காரணம் நான்தான். உனக்கு ஆறு வயது இருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டுப் பையோடு நேராகக் குடோனுக்குள் ஓடி வந்தாய், அம்மாவிடம் எதையோ சொல்ல. நான் கையில் இருந்த நாடாவால் உன் கணுக்காலில் அடித்தேன். தறியில் நூலோடு குறுக்கே ஓடும் நாடா என்றால் வெறும் கட்டை இல்லை, இரண்டு முனையிலும் இரும்பு. இப்போதும் அந்தத் தழும்பு உனக்கு இருக்கிறது, நீ வேட்டி கட்டும்போது நான் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். "தறிப் பக்கம் வந்தீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன், போய்ப் படிடா" என்றேன். பிறகு ஹாஸ்டலில் போட்டேன். லீவுக்கு வந்தால்கூட உன்னைக் குடோன் வாசலைத் தாண்ட விட்டதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில், "எம் பையனுக்கு அறுந்த எழைய முடியக்கூடத் தெரியாதுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நீ தறிக்கு வராமல் போக வேண்டும் என்று நினைத்தேன், அது நடந்தது. அதோடு என் வாயைப் படிக்கத் தெரியாத ஒரே ஆள் நம் வீட்டில் நீதான் என்றும் ஆகிவிட்டது. அடித்ததற்கு நான் உன்னிடம் வருத்தம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். தப்புதான் கண்ணு.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீ பஸ் ஏறிய அன்று காலை முன்னறையில் நடந்தது உனக்கு ஒரு விதமாகத் தெரியும். வேறு விதமாக நடந்தது.

நீ நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாய். பை வாசலில் இருந்தது. ரெண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் தடுமாறும், அதைச் சரிசெய்யத்தான் உங்கள் கம்பெனி ஆள் அனுப்புகிறது, அது முடிந்த பிறகும் அங்கேயே வேலை இருக்கும் என்றாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மூணு வருசங்கப்பா. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டா நடுவுல நெனச்சா வர முடியாதுங்க. உங்க ஒடம்பு இப்படி இருக்கறப்ப நான் போகட்டுங்களா? நீங்க வேண்டாம்னா நான் போகலீங்க. நெசமாத்தான் கேக்கறேன்" என்றாய்.

நான் உடனே பதில் சொன்னேன். யோசிக்கவில்லை. 'போகாதே கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது' என்றேன்.

நீ என் உதட்டைப் பார்த்தாய். பார்த்தாய், ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. சமையலறை வாசலில் நின்ற உன் அம்மா பக்கம் திரும்பினாய். "அப்பா என்னங்கம்மா சொல்றாங்க?" அவள் என்னைப் பார்த்தாள். அறுந்த இழையைப் பிடித்து முடிகிற நேரம்கூட இருக்காது. பிறகு உன்னிடம் சொன்னாள்: "சந்தோசமாப் போய்ட்டு வரச் சொல்றாரு கண்ணு. இங்க எல்லாம் பாத்துக்கலாமாம்."

உன் முகம் தெளிந்ததே, அது என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. எத்தனை நாளாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்திருப்பாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டி என் மடியில் திறந்துதான் இருந்தது, கண்ணு. சார்ஜ் இருந்தது. நான் ஒரு பொத்தான்மேல் விரலை வைத்தும்விட்டேன். நீ குனிந்து என் காலைத் தொட்டாய். விரல் பொத்தானை விட்டு எழுந்து உன் தலைமேல் போய்விட்டது. நீ அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, உங்களுக்குச் சந்தோசந்தானுங்களே?" என்று கேட்டாய். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை என்று நாம் வைத்திருக்கிறோமே, நான் ரிசீவரில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு தட்டு பொய். உன் அம்மா மாற்றிச் சொன்னாள் என்று அவள்மேல் மட்டும் பாரத்தைப் போட எனக்கு உரிமை இல்லை.

எனக்கு என்ன பயம் என்று நீ கேட்பாய். ஆபரேஷன் செய்த டாக்டர், புற்று திரும்பாமல் இரண்டு வருஷம் தாண்டட்டும், அப்புறம்தான் நிம்மதி என்றார். ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. நீ மூன்று வருஷம் என்கிறாய். எனக்குக் கணக்குப் போடத் தெரியும். செத்துப்போவேன் என்றுகூட அவ்வளவு பயம் இல்லை. நீ வந்து சேரும்வரை என்னை வைத்திருப்பார்களா, நீ விமானத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைப்பாய், அந்த மாதிரி நினைப்பெல்லாம் வருகிறது. உன் அம்மா அந்த எட்டுத் தறியை வைத்துக்கொண்டு ஒற்றையாக என்ன செய்வாள் என்று வருகிறது. குளிக்கும்போது கழுத்து ஓட்டைக்குள் தண்ணீர் இறங்காமல் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அப்போது யாராவது கூப்பிட்டால்கூட எரிச்சல் வருகிறது.

நீ போன மறுநாள் உன் அம்மாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேஸ்திரியிடம் மாற்றிச் சொன்னது வேறு. இது என் மகன், என் பேச்சு. கழுத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு குடோனுக்குப் போனேன். தூசிக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இருந்தும் போனேன், ஏனென்றால் வீட்டில் வைத்துக் கேட்டால் அவள் சத்தமாகப் பதில் சொல்வாள், அங்கே என்றால் இரண்டு பேரும் ஒரே மாதிரி. ஆறாவது தறிக்குப் பக்கத்தில் போய் நின்று, 'ஏன் மாற்றிச் சொன்னாய்?' என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாடாவில் நூல் தீர்ந்த தாரை மாற்றினாள். நானும் நகரவில்லை. மூன்று தார் மாற்றும்வரை நின்றேன். கடைசியில் திரும்பினாள்.

'நீங்க பயத்துல சொன்னீங்க. அவன் கேட்டுட்டு நின்னுபோட்டான்னா, நாளைக்கு அவனுக்கு உங்க மேல ஒரு கோவம் வரும். அதத் தாங்கற தெம்பு உங்களுக்கு இல்லீங்க.' சொல்லிவிட்டு ஒரு இழையை முடிந்தாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். 'அன்னைக்கு எங்கண்ணங்கிட்ட நீங்க பேசுனப்பவும் நான் உங்க வாயத்தான் பாத்துட்டு இருந்தேன்.'

அருகில் இருந்த நூல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

அது என்ன கதை என்று உனக்குத் தெரியாது. ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. நீ அப்போது கைக்குழந்தை. நமக்கு நாலே தறிதான். அதில் இரண்டு உன் அம்மாவின் அண்ணன், காலமாகிவிட்ட உன் பெரிய மாமா, வாங்கிக் கொடுத்தது. அவரிடம் நிமிர்ந்து பேசுகிற நிலையில் நான் இல்லை. சென்னிமலைப் பக்கம் உன் அம்மா பிறந்த ஊரில் அவள் தாயாருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கிணற்றுக்காடு, கிணற்றோடு கூடிய நிலம், இருந்தது. அதை மகளுக்கென்று அந்த அம்மா வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போய்ச்சேர்ந்தார்கள். உன் மாமா அதையும் சேர்த்து ஒரே காடாக ஆக்கிக்கொள்ள நினைத்து, தங்கச்சி தன் பாத்தியத்தை விட்டுக்கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாளா என்று கேட்க வந்தார். தறிச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு குடோன் வாசலிலேயே நின்றுவிட்டார். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க மாப்ள" என்றார்.

நான் உள்ளே வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் தறியை நிறுத்தவில்லை. தலையை மட்டும் தூக்கி, 'மாட்டேன். அது எங்கம்மா எனக்குன்னு சொன்னது. அந்த ஊர்ல எனக்குன்னு ஒரு புடி மண்ணு இருக்கட்டும்' என்றாள். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. வாசலுக்குப் போனேன். உன் மாமா முகத்தைப் பார்த்தேன், அந்த இரண்டு தறியும் நினைவுக்கு வந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினேன்: "கையெழுத்துப் போட்டுர்றாளாமுங்க மச்சான்!" அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டில் உன் அம்மாவிடம், "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், உங்கண்ணன் கேக்கல" என்று சொன்னேன். அவள் "செரிங்க" என்றாள். அடுத்த வாரம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அண்ணன்மேல் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மச்சானின் காதைத்தான் பார்த்தேன். என் வாய் குடோன் பக்கம் திரும்பியிருந்ததை யோசிக்கவில்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பேசியே பழகியவள் அவள். அவளுக்கு மறைத்து ஒரு பொய்யைச் சொல்ல வேண்டுமென்றால் நான் முதுகைக் காட்டியிருக்க வேண்டும். எங்களைப் போலத் தறிக்குள் குடும்பம் நடத்தியவன் செய்யக்கூடாத முட்டாள்தனம் அது. அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதைவிட, கண்டுபிடித்த பிறகும் சாயங்காலம் நான் சொன்ன இரண்டாவது பொய்யையும் கேட்டுவிட்டு "செரிங்க" என்றாளே, அதுதான் எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது. ஒரு சொல், ஒரு சண்டை, ஒரு முகச்சுளிப்பு, எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு வாய் இருக்கிறது என்பதையே நான் என் வசதிக்குப் பார்த்தேன், என் வசதிக்கு மறந்தேன். பள்ளிக்கூடத்தில் உன் வாத்தியார் வந்து பேசினாலும் நான்தான் பேசுவேன். பாங்கியிலும் நான்தான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இப்போது என் வாய் அவள் கையில் இருக்கிறது. அவள் உன்னிடம் மாற்றிச் சொன்னது எனக்குச் செய்த பதிலா, உனக்குச் செய்த நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். வெளிநாட்டில் பாஷை தெரியாத இடத்தில் அவளுக்காக நீயும், உனக்காக அவளும் பேச வேண்டி வரும். அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றாதே. உனக்கு நஷ்டம் வந்தாலும் மாற்றாதே. மாற்றினால் நல்லது என்று தோன்றும், அப்போதும் மாற்றாதே. எனக்கு இதைச் சொல்லத் தகுதி இல்லை என்பதால்தான் சொல்கிறேன்.

இனிப் பெட்டிக்கு வருவோம். உன் நாலாவது கேள்விக்குப் பதில் இது. அம்மாவிடம் பேச எனக்குப் பெட்டி வேண்டாம். தறிக்காரர்களிடம் வேண்டாம். மேஸ்திரிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால்தான் ஆகும். இந்த உலகத்தில் நான் பெட்டியை வைத்துக்கொண்டு பேச வேண்டிய ஆள் நீ ஒருத்தன்தான். நீ இங்கே இருந்தால் பெட்டி எனக்கு வேண்டும். நீ அங்கே போய்விட்டால் கடிதம் போதும், பெட்டிக்கு இங்கே வேலை இல்லை. இதை உன் சீட்டில் எந்த இடத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உன்னை நிறுத்துவதற்கு இதை எழுதவில்லை. போகச் சொல்லவும் எழுதவில்லை. உன் அம்மா சொன்னது சரியாக இருக்கலாம், நான் பயத்தில் சொன்னேன். ஆனால் பயத்தில் சொன்னதும் நான் சொன்னதுதான். அதை நீ கேட்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தக் கிணற்றுக்காட்டுப் பத்திரம் மாதிரி இன்னொரு கையெழுத்து நம் வீட்டில் ஆகிவிடும். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் அது இன்னொரு முதுகு காட்டுகிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் தறியை நிறுத்திவிட்டு வந்து, தலைக்கு மேலே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாக மெதுவாகப் படித்தாள். கிணற்றுக்காடு வரும் தாளை மட்டும் இரண்டு தடவை படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்து, "அவங்கிட்ட மாத்திச் சொன்னது தப்புத்தானுங்க" என்றாள். தறியைப் போடக் கிளம்பும்போது, "எங்கண்ணன் போட்டோவுக்கு முன்னாலயும் ஒருக்கா இதப் படிச்சுப்போடுங்க" என்றாள். எனக்குக் குரல் இல்லை என்பதை அவள் மறந்துபோய்ச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா, தெரியவில்லை. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நீ பெட்டியை எடுக்க வருகிறேன் என்று சொன்ன வியாழக்கிழமையே வா. வீட்டுக்குள் போகாதே. பையை வாசலில் வைத்துவிட்டு நேராகக் குடோனுக்குள் வா. உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும், யார் காதிலும் எதுவும் விழாது, அங்கே நீயும் நானும் ஒன்று. அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை இன்னொரு தடவை கேள். அம்மா பக்கம் திரும்பாதே. அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். என் வாயைப் பார். முதல் தடவை புரியாது, இன்னொரு தடவை சொல்லச் சொல். மெதுவாகச் சொல்கிறேன். மூன்றாவது தடவையும் புரியவில்லை என்றால் பெட்டியைத் திற, அடித்துக் காட்டுகிறேன். 'போ' என்று சொல்வேனா, 'போகாதே' என்று சொல்வேனா என்று இதை எழுதும்போது எனக்கே தெரியவில்லை கண்ணு. எதுவானாலும் அதை நான்தான் சொல்வேன்.

உரிந்துபோன பொத்தான்களுக்கு நானே சீட்டு வெட்டி ஒட்டிவிட்டேன். வியாழக்கிழமை காலையில் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

அப்பா